வாலைக்குள் நான்கு பூதங்கள்

பச்சை விறகு ஒன்று அடுப்பில் எரிவதைக் கவனித்துப் பாருங்கள். முதலில் புகைகிறது. சிறிது நேரத்தில், அடுப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வெட்டுமுனையில் 'உஸ்' என்ற சத்தத்தோடு நீர் நுரைத்து வடிகிறது. பிறகு சுடர் பற்றுகிறது. எல்லாம் அடங்கியதும் சாம்பல் மிஞ்சுகிறது. புகை காற்று, நுரைத்து வடிந்தது நீர், சுடர் தீ, சாம்பல் மண். ஒரே கட்டைக்குள் இருந்த நான்கும் கண்முன்னே பிரிந்துவிட்டன. உலகத்துப் பொருள்கள் எல்லாம் நான்கு பூதங்களின் கலவை என்பதற்கு ஐரோப்பாவில் நெடுங்காலம் காட்டப்பட்ட சாட்சி இந்த விறகுதான்.

'முன்னோர் தனிமங்கள் நான்கு என்று நம்பினார்கள், இன்று 118 என்று அறிவோம்' என்று இதை ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கம். அந்த வரி இரண்டு வேறு கேள்விகளுக்கான விடைகளை ஒன்றாகக் கட்டிவிடுகிறது. 'இதை இதற்குமேல் பிரிக்க முடியுமா?' என்று கேட்டால் கிடைக்கும் விடை தனிமம். 'இது சூட்டிலும் குளிரிலும் எப்படி நடந்துகொள்கிறது, கையில் நிற்குமா, வழிந்தோடுமா?' என்று கேட்டால் கிடைக்கும் விடை பூதம். கிரேக்கர் 'நீர்' என்றபோது குடத்து நீரை மட்டும் சொல்லவில்லை. சூடுபட்டால் உருகி ஓடும் பொன்னும் ஈயமும் அவர்களுக்கு நீர் வகைதான். அதனால்தான் தனிமம் என்ற சொல்லை ஒதுக்கிவிட்டுப் பூதம் என்றே எழுதுகிறேன். நம் ஐம்பூதத்தோடும் இதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நம் விசும்பு மற்ற நான்குக்கும் இடம் கொடுக்கும் வெளி. அரிஸ்டாட்டிலின் ஐந்தாவது பூதமோ நிலவுக்கு மேலே மட்டும் இருக்கிற, தேயாத, கெடாத ஒரு பொருள். அந்த ஐந்தாவதைப் பூமியில் ஒரு குடுவைக்குள் பிடிக்க முயன்றவர் ஒருவர் உண்டு. அவரிடம் பிறகு வருவோம்.

எல்லாவற்றுக்கும் அடி ஒன்றே என்றுதான் கிரேக்கச் சிந்தனை தொடங்கியது. தேலிஸுக்கு நீர், அனாக்ஸிமெனிஸுக்குக் காற்று, ஹெராக்ளிட்டஸுக்குத் தீ. இவர்களில் அனாக்ஸிமெனிஸ் சொன்ன சாட்சியை இப்போதே செய்து பார்க்கலாம்: உள்ளங்கையில் வாயைக் குவித்து ஊதினால் காற்று குளிர்கிறது, வாயைத் திறந்து விட்டால் சுடுகிறது. இறுகினால் குளிர், தளர்ந்தால் சூடு என்று அவர் முடிவு செய்தார். முடிவு தவறு, குவித்து ஊதும்போது வேகமான மூச்சு சுற்றியுள்ள குளிர்ந்த காற்றையும் இழுத்துக்கொண்டு வந்து தோலின் ஈரத்தை உலர்த்துகிறது, அவ்வளவுதான். ஆனாலும் கையில் பட்டதை வைத்துப் பேசினார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நான்காக்கியவர் சிசிலித் தீவின் அக்ராகஸ் நகரத்து எம்பெடோக்ளிஸ், கி.மு. 5ஆம் நூற்றாண்டு. அவர் பூதம் என்றும் சொல்லவில்லை, 'வேர்கள்' என்றார். நான்கு வேர்கள், அவற்றைச் சேர்ப்பது நட்பு, பிரிப்பது பகை. ஓவியன் சில வண்ணங்களைக் கூடவும் குறையவும் குழைத்து மரம், மனிதர், பறவை, மீன் எல்லாம் தீட்டிவிடுவதுபோல, நான்கு வேர்களின் கலப்பில் எல்லாம் உருவாகின்றன என்பது அவர் காட்டும் உவமை. எஞ்சியிருக்கும் பாடல் துண்டுகளில் எலும்புக்கு அவர் ஒரு பக்குவமே சொல்கிறார்: மொத்தம் 8 பங்கு, அதில் தீ 4, நீர் 2, மீதி மண். இரத்தமும் தசையும் நான்கும் ஏறத்தாழச் சமமாகக் கலந்தவை. எலும்பில் தீ பாதி என்பது கேட்க விந்தையாக இருக்கும். எலும்பு வெண்மை, வறட்சி, இறுக்கம் மூன்றும் உடையது. சூளையில் சுட்ட மண்பாண்டத்துக்கும் அந்த இறுக்கம் தீயால் வருவதுதான். அவர் எங்கிருந்து அந்த அளவைப் பெற்றார் என்பதைவிட, பொருளின் இயல்பு கலவையின் விகிதத்தில் இருக்கிறது என்று முதலில் எண்களில் சொன்னாரே, அதுதான் பெரிய காரியம்.

பிளேட்டோ இதைக் கணக்காக்கினார். தீ நான்முகி, காற்று எண்முகி, நீர் இருபதுமுகி, மண் கனசதுரம். முதல் மூன்றின் முகங்களும் சமபக்க முக்கோணங்கள் என்பதால் ஒன்றை உடைத்து மற்றொன்றாக அடுக்கலாம். நீரின் 20 முகங்களைப் பிரித்தால் ஒரு தீயும் (4) இரண்டு காற்றும் (8 + 8) கிடைக்கும். மண்ணின் முகங்கள் சதுரம். அவற்றை அறுத்தால் வருவது வேறு வகை முக்கோணம், அதனால் மண் மற்ற மூன்றாக மாறாது. அழகான கணக்கு. ஆனால் அடுப்படியில் நிற்பவனுக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. எந்த முக்கோணத்தையும் கையால் தொட முடியாதே.

அரிஸ்டாட்டில் தொடக்கூடியதிலிருந்து தொடங்கினார். பின்னாளில் வாலை, அதாவது காய்ச்சி வடிக்கும் கலம், வைத்து வேலை செய்தவர்கள் எல்லாரும் பிளேட்டோவை விட்டு அவரைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் அதுதான். தொட்டறியும் குணங்களில் எதையும் வேறொன்றாகச் சுருக்க முடியாதவை நான்கு: சூடு, குளிர், ஈரம், வறட்சி. மென்மை, கடினம், பிசுபிசுப்பு, நொறுங்குதல் எல்லாம் இவற்றின் கிளைகள். இந்த நான்கு சொற்களுக்கும் அவர் தரும் இலக்கணம் நாம் நினைப்பது அல்ல. ஒரே இனத்தை ஒன்றுசேர்ப்பது சூடு. தாதுவை உருக்கினால் உலோகம் தனியே, கசடு தனியே ஒதுங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். இனம் பாராமல் எல்லாவற்றையும் சேர்த்து இறுக்குவது குளிர். உறையும் சேறு கல்லையும் தழையையும் நீரையும் ஒரே கட்டியாக்கிவிடுகிறது. தனக்கென எல்லை இல்லாமல், வைத்த கலத்தின் வடிவை எளிதில் ஏற்பது ஈரம். தன் எல்லையைத் தானே வைத்திருப்பது, வேறு வடிவுக்கு எளிதில் வராதது வறட்சி. இந்த இலக்கணப்படி காற்று ஈரமானது. இங்கே 'ஈரம்' என்றால் நனைப்பது என்று படிப்பவர்கள் இந்த இடத்திலேயே வழி தவறிவிடுகிறார்கள்.

நான்கு குணங்களை இரண்டிரண்டாகச் சேர்த்தால் ஆறு இணைகள். சூடும் குளிரும், ஈரமும் வறட்சியும் ஓரிடத்தில் நில்லா. இரண்டு கழிந்து நான்கு மிஞ்சும். சூடு வறட்சி தீ. சூடு ஈரம் காற்று. குளிர் ஈரம் நீர். குளிர் வறட்சி மண். ஒவ்வொன்றிலும் ஒரு குணம் மேலோங்கும்: தீயில் சூடு, காற்றில் ஈரம், நீரில் குளிர், மண்ணில் வறட்சி.

இதன் பலன் உடனே தெரியும். ஒரு பூதத்தை மற்றொன்றாக்க என்ன செய்ய வேண்டும் என்பது இணையைப் பார்த்தாலே விளங்கிவிடும். நீரின் குளிரை எடுத்துச் சூட்டைக் கொடுத்தால் ஈரமும் சூடும், அதாவது காற்று. கொதிக்கும் பானையில் ஆவி போவது இதுதான் என்றார்கள். ஒரே குணம் மாறினால் போதும் என்பதால் இது எளிது, விரைவில் நடக்கும். நீரைத் தீயாக்க வேண்டுமானால் இரண்டு குணமும் மாற வேண்டும். அது அரிது, காலம் பிடிக்கும். மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, பலரும் அதைக் கவனிப்பதில்லை. இரண்டு பூதங்கள் தலைக்கு ஒரு குணத்தை இழந்து, மீந்த இரண்டும் சேர்ந்து புதிய பூதமாகலாம். தீ வறட்சியை இழந்து நீர் குளிரை இழந்தால் சூடும் ஈரமும் மிஞ்சும்: காற்று. தீ சூட்டை இழந்து நீர் ஈரத்தை இழந்தால் வறட்சியும் குளிரும் மிஞ்சும்: மண். ஆனால் அடுத்தடுத்த பூதங்களில், தீயும் காற்றும் போல, இது பலிக்காது. இரண்டும் சூட்டை இழந்தால் மிஞ்சுவது வறட்சியும் ஈரமும். அவை எதிர்க் குணங்கள், ஓரிடத்தில் நில்லா. தீ வறட்சியையும் காற்று ஈரத்தையும் இழந்தால் மிஞ்சுவது சூடும் சூடும். ஒரே குணம் பூதமாகாது. காகிதத்தில் ஒரு சதுரம் வரைந்து, மூலைகளில் குணங்களையும் பக்கங்களில் பூதங்களையும் எழுதிக்கொண்டு இதைப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுரங்க ஆட்டம்போல் இருக்கும். எந்த நகர்த்தல் செல்லும், எது செல்லாது என்று தெளிவாகச் சொல்லும் கொள்கை இது.

அதே கையோடு பொருள்களைப் பகுக்கவும் ஒரு சோதனை தந்தார். இறுகிய ஒன்று எதனால் இறுகியது என்று தெரிய வேண்டுமா? எதிர்க் குணத்தைக் காட்டிப் பார். உப்பு, ஈரம் போய் இறுகியது; ஆகவே நீரில் கரையும், சாதாரண அடுப்புச் சூட்டில் உருகாது. ஈயமும் பனிக்கட்டியும் சூடு போய் இறுகியவை. ஆகவே தீயில் உருகும். கரைதல், உருகுதல் என்ற இரண்டையும் தனித்தனிச் செயல்களாகப் பிரித்துக் காட்டியதற்காகவே அந்தப் பகுதியைப் படிக்கலாம். எண்ணெயிடம் வந்ததும் கணக்கு இடறுகிறது, அதை அவரே ஒத்துக்கொள்கிறார். நீர் மிகுந்ததானால் குளிரில் உறைய வேண்டும், மண் மிகுந்ததானால் தீயில் இறுக வேண்டும். ஆலிவ் எண்ணெய் இரண்டிலும் தடிக்க மட்டுமே செய்கிறது. உள்ளே காற்று நிறைந்திருக்கிறது, அதனால்தான் நீரில் மிதக்கிறது என்று சொல்லிச் சமாளிக்கிறார். 'எண்ணெய் என்றால் காற்று' என்ற அந்தச் சமாளிப்பு பின்னாளில் வாலைக்காரர்களின் பாடமாகவே ஆகிவிட்டது.

மருத்துவத்துக்குள் இந்தக் குணங்கள் கி.பி. 2ஆம் நூற்றாண்டுக் கிரேக்க மருத்துவர் கேலன் வழியாகப் போயின. ஒவ்வொரு சரக்குக்கும் சூடு, குளிர், ஈரம், வறட்சி ஒவ்வொன்றிலும் நான்கு படிகள் வந்தன. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த அல்-கிண்டி அந்தப் படிகளுக்கு எண் கொடுத்தார். சூடும் குளிரும் சமமானால் நடுநிலை. சூடு இரண்டு மடங்கானால் முதல் படி, 4 மடங்கானால் இரண்டாம் படி, 8 மூன்றாம் படி, 16 நான்காம் படி. அவர் காட்டும் கூட்டுமருந்தில் இருப்பவை ஏலக்காய் 1 திராம் (ஒரு சிறு எடை), சர்க்கரை 2 திராம், அவுரி 1 திராம், நெல்லிக்காய் 2 திராம். ஒவ்வொன்றின் சூட்டுப் பங்கையும் கூட்டினால் நாலரை, குளிர்ப் பங்கும் நாலரை. அந்தப் பக்கம் நடுநிலை. ஈரம் 3, வறட்சி 6; ஆகவே இந்த மருந்து முதல் படி வறட்சி. நோயாளிக்கு இது நல்லது செய்ததா என்பது வேறு கேள்வி. ஆனால் படிகள் கூட்டல் வரிசையில் ஏறாமல் பெருக்கல் வரிசையில் ஏற வேண்டும் என்ற அவருடைய எண்ணம் நூற்றாண்டுகள் கடந்தும் ஐரோப்பிய மருத்துவர்களை வாதாட வைத்தது.

இனி வாலை. குடுவை, அதன் மேல் கவிழ்த்த தலைக்கலம், அதிலிருந்து சரிந்து இறங்கும் மூக்கு, முனையில் ஏந்துகலம். ஜாபிர் இப்னு ஹய்யான் பெயரால் வழங்கும் அரபு நூல்களில் (8 முதல் 10ஆம் நூற்றாண்டு வரை; ஒருவர் எழுதியவை அல்ல என்றே இன்று பலரும் கருதுகிறார்கள்) நான்கு பூதங்களும் பேச்சிலிருந்து கைக்கு வருகின்றன. உயிர்ப்பொருளை, அதாவது முடி, முட்டை, இரத்தம் போன்றவற்றை வாலையில் ஏற்றினால் நான்கும் தனித்தனியே வடியும் என்பது பாடம். முடியை எடுத்துக்கொள்வோம்; அது எப்படிப் போகிறது என்று கிட்டத்தில் பார்த்தால்தான் இந்தக் கொள்கை ஏன் ஆயிரம் ஆண்டுக்கு மேல் நின்றது என்று புரியும்.

முதலில் மண்பூச்சு. நம் சித்த மருத்துவத்தில் சீலைமண் செய்வதுபோலத்தான் அங்கேயும்: களிமண், குதிரைச் சாணம், நறுக்கிய முடி அல்லது நார் கலந்து பிசைந்து குடுவையின் அடிப்பாதிக்குப் பூசுவார்கள். சாணத்து நார் இல்லாத வெறுங்களிமண் காயும்போது சுருங்கி வெடிக்கும். நார் அந்த வெடிப்பை ஓடவிடாமல் பிடித்துக்கொள்ளும். ஒரே தடித்த பூச்சாகப் பூசினால் மேல்தோல் மட்டும் காய்ந்து உள்ஈரம் பிறகு வெளியேறும் வழியில் பிளக்கும். ஆகவே மெல்லப் பூசி, நிழலில் உலர்த்தி, மறுபடி பூச வேண்டும். தலைக்கலமும் குடுவையும் சேரும் இடத்துக்குச் சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் குழைத்துத் தோய்த்த துணி. இது உடனே இறுகும்; பிசைந்து வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனால் கல்லாகிவிடும்.

அடுத்தது தீயின் படி. நீர்த்தொட்டி, சாம்பல் தொட்டி, மணல் தொட்டி, நேர்த்தீ என்று நான்கு. நீர்த்தொட்டியில் வைத்த குடுவை எவ்வளவு எரித்தாலும் 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாது. வெப்பமானி இல்லாத காலத்தில் சூட்டுக்கு இதைவிட நம்பகமான பூட்டு வேறில்லை. அடுப்புக்காரனின் கை எவ்வளவு தவறினாலும் நீர் அதைத் திருத்திவிடும். சாம்பலுக்கும் மணலுக்கும் அப்படிப்பட்ட உச்சவரம்பு கிடையாது, ஆனால் சூடு மெல்ல ஏறி மெல்ல இறங்கும், கண்ணாடி தப்பும்.

முடி பார்வைக்கு உலர்ந்தே இருந்தாலும் அதன் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நீர் உண்டு. மிதமான சூட்டில் அதுதான் முதலில் வரும்: தெளிந்த, நிறமற்ற துளிகள். இது நீர். சூட்டை ஏற்றினால் மூக்கின் குளிர்ந்த பகுதியில் வெண்பொடி படியும், மூக்கைத் துளைக்கும் நெடி வரும். முடியிலுள்ள நைட்ரஜன் அம்மோனியாவாகிக் கரியமில வாயுவோடு சேர்ந்து படிந்த உப்பு அது. பின்னாலேயே மஞ்சள் எண்ணெய், நீருக்கு மேல் மிதக்கும். இது காற்று, அரிஸ்டாட்டிலின் எண்ணெய்ச் சமாளிப்பு இங்கே கண்ணுக்குத் தெரியும் பொருளாகி வந்து நிற்கிறது. மணல் தொட்டியை விட்டு நேர்த்தீக்குப் போனால் செம்பழுப்பான, தடித்த, எரியக்கூடிய கீல் வடியும். நிறமும் எரிதலும் இருப்பதால் இது தீ. குடுவையின் அடியில் பொரிந்த கரி, அது மண். நீர், காற்று, தீ, மண் என்று தீ ஏறும் வரிசையிலேயே நான்கும் வந்துவிட்டன. கொள்கை நான்கு என்றது, கலமும் நான்கு தந்தது. இதைக் கண்ணால் கண்டவனிடம் பூதங்கள் வெறும் கற்பனை என்று யார் சொன்னாலும் எடுபடாது.

கெடும் இடங்களும் சொல்லப்பட வேண்டியவை. அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் நீரும் எண்ணெயும் கீலும் ஒன்றாய்க் கலங்கிப் பால்போல் வரும். பிறகு பிரிப்பது பெரும்பாடு. முடி சூட்டில் உருகி நுரைத்துப் பொங்கும் பொருள்; குடுவையை மூன்றில் ஒரு பங்குக்குமேல் நிரப்பினால் நுரை தலைக்கலத்துக்குள் ஏறி மூக்கை அடைத்துவிடும். மூக்கில் படியும் வெண் உப்பும் அடைக்கும். அடைபட்டால் ஆவிக்கு வழியில்லை. துணி சுற்றிய மூட்டு தெறிக்கும், இல்லாவிட்டால் குடுவையே வெடிக்கும். நெருப்பை அணைத்ததும் கண்ணாடியைத் திறந்து பார்க்கும் ஆவலும் ஆபத்துதான். குளிர்ந்த காற்று பட்டதும் அடி விரிசல் விடும்.

பிரித்ததைச் சேர்க்கும் கணக்கும் ஜாபிர் நூல்களில் உண்டு. ஒவ்வொரு உலோகத்துக்கும் வெளிக்குணம் இரண்டு, உட்குணம் இரண்டு. ஈயம் வெளியே குளிர் வறட்சி, உள்ளே சூடு ஈரம். பொன் வெளியே சூடு ஈரம், உள்ளே குளிர் வறட்சி. அப்படியானால் ஈயத்தைப் பொன்னாக்குவது என்றால் அதன் உள்ளை வெளியே திருப்புவது! அரிஸ்டாட்டிலின் சதுரத்தை அறிந்தவருக்கு இது மந்திரமாகத் தோன்றாது. சட்டையை உள்வெளி மாற்றுவதுபோல் ஒரு செயல்முறை. அதற்கு வேண்டிய தனிக் குணங்களை எடுப்பதற்காகத்தான் ஒரே நீரை மீண்டும் மீண்டும், வறட்சி மிகுந்த பொருளோடு வாலையில் இட்டு வடித்தார்கள். ஈரம் தீர்ந்து குளிர் மட்டும் நிற்க வேண்டும் என்பது நோக்கம்.

உலோகங்கள் மண்ணுக்குள் எப்படிப் பிறக்கின்றன என்பதற்கும் விடை வைத்திருந்தார்கள். நிலத்திலிருந்து இரண்டு ஆவிகள் எழுகின்றன, ஒன்று ஈரமானது, ஒன்று புகைபோல் வறண்டது என்றார் அரிஸ்டாட்டில். அரபு ரசவாதிகள் ஈர ஆவிக்கு ரசத்தையும் (பாதரசம்) வறண்டதற்குக் கந்தகத்தையும் முகங்களாக்கினார்கள். இதற்கும் சாட்சி பட்டறையில் கிடைத்தது. 12ஆம் நூற்றாண்டில் தியோஃபிலஸ் என்ற துறவி கைவினைகளைப் பற்றி எழுதிய நூலில் சாதிலிங்கம் என்ற சிவப்புச் சாயப்பொருள் செய்யும் முறை இருக்கிறது. கந்தகத்தை உடைத்து, அதைப்போல் இரண்டு பங்கு ரசத்தைத் தராசில் நிறுத்துச் சேர்க்க வேண்டும். கண்ணாடிக் கலத்தில் இட்டு, சுற்றிலும் மண் பூசி, ஆவி வெளியேறாமல் வாயை மூடி, தீயருகே உலர்த்தி, பிறகு கனலுக்குள் வைக்க வேண்டும். உள்ளே படபடவென்று சத்தம் கேட்கும். சத்தம் நின்றதும் எடுத்துத் திறந்தால் செந்நிறம். காதை வைத்து முடிவறியும் பக்குவம்! ரசமும் கந்தகமும் சேர வேண்டிய உண்மை விகிதம் எடையில் ஏறத்தாழ ஆறேகாலுக்கு ஒன்று. தியோஃபிலஸ் சொல்லும் அளவில் கந்தகம் மூன்று மடங்குக்கு மேல் கூடுதல். மிஞ்சுவது ஆவியாகி ஒதுங்கிவிடுவதால் சரக்கு கெடுவதில்லை, கலத்துக்குள் அழுத்தம்தான் கூடும். (ரச ஆவி நஞ்சு. வீட்டிலோ வகுப்பிலோ இதைச் செய்து பார்க்க வேண்டாம்.) குளிர்ந்து வழுக்கி ஓடும் வெண்ணிறமும் எரியும் மஞ்சளும் சேர்ந்து இரண்டிலும் இல்லாத சிவப்பு வந்தது. சரி, பொன் ஏன் வரவில்லை? ஜாபிர் நூல்களுக்கு அதற்கும் விடை உண்டு: கடையில் வாங்கும் ரசமும் கந்தகமும் அழுக்கானவை, மண்ணுக்குள் கூடுபவை தூயவை. பாரசீக மருத்துவரும் தத்துவ அறிஞருமான இப்னு சினா இந்த விடையை ஏற்கவில்லை. சாயம் ஏற்றலாம், வெள்ளியைப்போல் பொன்னைப்போல் தோன்றச் செய்யலாம், இனத்தை மாற்ற முடியாது என்று 11ஆம் நூற்றாண்டில் எழுதினார். அந்தப் பகுதி 1200 வாக்கில் லத்தீனுக்குப் போனபோது அரிஸ்டாட்டிலின் நூலோடு ஒட்டிக்கொண்டு, அவரே சொன்னதாக நம்பப்பட்டது. ரசவாதத்துக்கு எதிரான வாதங்களில் அவ்வளவு காலம் வேறெதுவும் ஓங்கி ஒலித்ததில்லை.

இப்போது ஐந்தாவது பூதம். ரூப்பெசிசாவின் ஜான், பிரான்சிஸ்கன் துறவி, திருச்சபையின் சிறையில் ஆண்டுக்கணக்கில் கிடந்தவர். 1350களின் தொடக்கத்தில், அவிஞ்ஞோனில் சிறையில் இருந்தபடியே 'ஐந்தாம் சாரம்' பற்றி எழுதினார். அவருடைய கேள்வி எளியது: உடல் நான்கு பூதங்களால் ஆனது, ஆகவே அழுகும். நான்கால் ஆன மருந்தும் அழுகும். அழுகும் மருந்து அழுகும் உடலைக் காப்பது எப்படி? வானத்துப் பொருள்போல் கெடாத ஒன்று வேண்டும். அதை அவர் கண்டது ஒயினில்.

நல்ல ஒயினை வாலையில் ஏற்றி மெல்லச் சூடாக்க வேண்டும். 11 விழுக்காடு ஆல்கஹால் உள்ள ஒயினில் மூன்றில் ஒரு பங்கு வடித்து நிறுத்தினால் கிடைப்பது ஏறத்தாழ 30 விழுக்காடு; தீ வைத்தால் இன்னும் சரியாகப் பற்றாது. அதை மறுபடி, மறுபடி வடிக்க வேண்டும். 'எரிநீர்' என்று அவர்கள் அழைத்த நிலைக்கு வந்ததா என்று அறியச் சோதனைகள் இருந்தன. துணியை நனைத்துக் கொளுத்துவது ஒன்று: சாராயம் எரிந்து துணி தப்பினால் நீர் இன்னும் மிச்சம் இருக்கிறது, துணியும் எரிந்தால் நீர் போய்விட்டது. ஆலிவ் எண்ணெய்த் துளி விடுவது மற்றொன்று: 60 விழுக்காட்டை நெருங்கியதும் சாராயம் எண்ணெயைவிட இலேசாகி, துளி அடியில் போகும். மூக்கு குளிராவிட்டால் பாதி ஆவியாகவே பறந்துவிடும் என்பதுதான் இந்த வேலையின் முதல் எதிரி. 13ஆம் நூற்றாண்டில் பொலோனாவின் மருத்துவ ஆசிரியர் தாதேயோ அல்தெரோத்தி குழாயைப் பாம்புபோல் சுருட்டி, ஓடும் நீருக்குள் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். எத்தனை முறை வடித்தாலும் எடையில் 95.6 விழுக்காட்டைத் தாண்டாது. அந்த விகிதத்தில் ஆவியும் திரவமும் ஒன்றாகிவிடுகின்றன, வாலைக்குப் பிரிக்க எதுவும் மிஞ்சாது.

அதன்பின் சுழற்சி. வடித்ததைக் கலத்தில் இட்டு வாயை மூடி, குதிரைச் சாணக் குவியலில் புதைப்பார்கள். புளிக்கும் சாணம் தானாகவே 50 முதல் 65 டிகிரி வரை சூடாகும். விறகு வேண்டாம், இரவில் எழுந்து பார்க்கவும் வேண்டாம். உள்ளே ஆவி மேலேறி, குளிர்ந்து, மறுபடி அடியில் விழும். நாள்கணக்கில் இப்படி ஏறி இறங்கினால் கனமானது அடியில் தங்கி, வானத்துச் சாரம் மேலே தெளியும் என்றார். முடிவறிய அவர் தந்த சோதனை மணம். திறந்து வீட்டு மூலையில் வைத்தால் நுழைபவரை எல்லாம் அந்த மணம் இழுக்க வேண்டும்; இல்லையென்றால் மறுபடி சாணத்துக்குள். பிறகு வாதம்: இது எரிகிறது, ஆகவே நீர் இல்லை. இதில் போட்ட இறைச்சி அழுகுவதில்லை, ஆகவே எளிதில் கெடும் காற்றும் இல்லை. மண்ணையும் தீயையும் இப்படியே கழித்தார். நான்கில் எதுவும் இல்லையென்றால் ஐந்தாவதுதான். வாதத்தின் ஒவ்வொரு படிக்கும் கையில் சான்று இருக்கிறது. இறைச்சி உண்மையிலேயே அழுகவில்லை. ஆல்கஹால் நுண்ணுயிரைக் கொன்று, புரதத்தை உறையச் செய்கிறது என்று நமக்குத் தெரியும், அவருக்கு அது வானத்தின் ஒரு துளி.

பின்னாளில் இந்தச் சுழற்சிக்கென்றே ஒரு கலம் வந்தது. தலையிலிருந்து வளைந்த கைகள் கலத்தின் வயிற்றுக்குள் திரும்பிச் செல்லும். தன் மார்பைத் தானே கொத்தும் பறவைபோல் இருப்பதால் பெலிக்கன் என்று பெயர். மேலேறி வடிந்தது கைகள் வழியே திரும்பும், ஒரு துளியும் வெளியே போகாது.

17ஆம் நூற்றாண்டில் தராசு முன்னுக்கு வந்தது. வேதியியல் அறிஞர் வான் ஹெல்மான்ட் அடுப்பில் உலர்த்திய 200 பவுண்டு மண்ணில் 5 பவுண்டு வில்லோக் கன்றை நட்டு, 5 ஆண்டு நீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டு 3 அவுன்ஸ்; மண்ணில் குறைந்தது ஏறத்தாழ 2 அவுன்ஸ். மரம் முழுவதும் நீரிலிருந்து வந்தது என்பது அவர் முடிவு. காற்றை அவர் நிறுக்கவில்லை. இதே மனிதர்தான் 62 பவுண்டு கரியை எரித்து 1 பவுண்டு சாம்பலே மிஞ்சியது கண்டு, போன மீதிக்கு 'கேஸ்' என்று பெயர் வைத்தவர். தன் மரம் குடித்ததும் அதே கேஸ்தான் என்று அவர் கணக்கில் வரவில்லை. 1661இல் இன்னொரு வேதியியல் அறிஞர் ராபர்ட் பாயில் அந்தப் பழைய விறகுச் சாட்சியையே கூண்டில் ஏற்றினார். ஒரே கட்டையைத் திறந்த அடுப்பில் எரித்தால் சாம்பலும் புகைக்கரியும். மூடிய வாலையில் இட்டால் எண்ணெய், சாராயம், புளிநீர், நீர், கரி. தீ உள்ளே இருந்ததைப் பிரித்துக் காட்டுகிறது என்றால், கலம் மாறினால் உள்ளிருப்பது மாறுமா? தீ புதிதாக எதையும் ஆக்குவதில்லை என்று யார் சொன்னது? முடியை வடித்த கதைக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். அந்த எண்ணெயும் கீலும் முடிக்குள் இருந்தவை அல்ல, சூட்டில் முடி சிதைந்து உண்டானவை.

ஆனால் ஒரு சாட்சி அப்போதும் அசையாமல் நின்றது. எத்தனை முறை வடித்த தூய நீரானாலும் கண்ணாடிக் கலத்தில் நெடுநாள் சூடாக்கினால் அடியில் மண் படிந்தது. நீர் மண்ணாகிறது, அரிஸ்டாட்டிலின் சதுரத்தில் ஒரு குணம் மாறும் எளிய நகர்த்தல். பாரிஸில் வேதியியல் அறிஞர் லவாய்சியர் இதைச் சோதிக்க எடுத்த கலம் அதே பெலிக்கன். அதை வெறுமையாக நிறுத்தார், 8 முறை வடித்த மழைநீரை ஊற்றி நிறுத்தார், மூடிக் கொதிநிலைக்குச் சற்றுக் கீழான சூட்டில் வைத்தார். 1768 அக்டோபர் 24 முதல் 1769 பிப்ரவரி 1 வரை, 101 நாள். நாள்கள் போகப்போக நீருக்குள் மெல்லிய துகள்கள் மிதந்தன, பிறகு படிந்தன. திறக்கும்முன் மொத்தத்தையும் நிறுத்தார்: எடை மாறவில்லை. தீ கண்ணாடியைத் துளைத்து வந்து எதையும் சேர்க்கவில்லை என்று அதிலேயே தெரிந்தது. பிறகு நீரை ஊற்றிவிட்டு, கலத்தை உலர்த்தித் தனியே நிறுத்தார். கண்ணாடி 17.4 கிரெயின் குறைந்திருந்தது, இன்றைய அளவில் ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவு. படிந்த மண்ணும், நீரை வற்றவைத்துக் கிடைத்ததும் சேர்ந்து 20 கிரெயினை ஒட்டி வந்தன. 3 கிரெயின் வேறுபாட்டை அளவைப் பிழைக்கு விட்டுவிட்டு, மண் நீரிலிருந்து வரவில்லை, சூடான நீர் அரித்த கண்ணாடியிலிருந்து வந்தது என்று 1770இல் அறிவித்தார்.

19 ஆண்டு கழித்து அவர் வெளியிட்ட எளிய பொருள்களின் பட்டியலில் 33 பெயர்கள். நீர் இல்லை, காற்று இல்லை. மண் என்ற ஒற்றைப் பெயர் போய், சுண்ணம், மக்னீசியா, பேரைட்டா, அலுமினா, சிலிக்கா என்று ஐந்து மண்கள். ஒளிக்கு அடுத்த வரியில், இரண்டாவதாக, எடையே இல்லாத ஒரு பொருள்: கலோரிக், சூட்டின் சாரம். தீ மட்டும் பெயர் மாற்றிக்கொண்டு இன்னும் உள்ளே இருந்தது.